உயிரணு ஒரு தொழிற்சாலையா?

‘மைட்டோகாண்ட்ரியா உயிரணுவின் ஆற்றல் நிலையம்.’ பள்ளியில் அறிவியல் படித்த எவரும் எளிதில் மறக்காத வாக்கியம் இது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு உரிய விடை. படித்ததெல்லாம் மறந்த பின்னும் இது மட்டும் நினைவில் எஞ்சியிருக்கும். இதன் பின்னால் வெளிப்படையாகச் சொல்லப்படாத இன்னொரு வாக்கியம் நிற்கிறது: உயிரணு ஒரு தொழிற்சாலை. உட்கரு அதன் நிர்வாக அலுவலகம், ரைபோசோம்கள் உற்பத்திக் கூடங்கள், கோல்கி உறுப்பு பொதிகட்டி அனுப்பும் பிரிவு, மைட்டோகாண்ட்ரியா மின்நிலையம். புரதங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பிரிவில் தத்தம் வேலையைச் செய்யும் பாகங்கள். இந்த உவமை பாதியளவே உண்மை என்பதும், உண்மையல்லாத பாதி நம் வாசிப்பில் மட்டுமன்றி வாழ்விலும் சில கெடுதல்களைச் செய்துவருகிறது என்பதும் என் எண்ணம். மூலக்கூறு உயிரியலாளர் ஒருவரின் ஆய்வைத் துணைகொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

உவமைகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு காலமும் தன் கண்முன் ஓங்கி நிற்பதைக்கொண்டே உயிரைப் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ் 1820களில் உடலுறுப்புகளிடையே ‘வேலைப் பிரிவினை’ இருப்பதாக எழுதியபோது, அந்தச் சொல்லை அரசியல் பொருளாதாரத்திலிருந்து எடுத்தார். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் பங்குகொண்டவர். அவருக்கு உடல் என்பது உயிரணுக்கள் என்னும் குடிமக்கள் வாழும் ஒரு குடியரசாகத் தெரிந்தது. ‘ஆற்றல் நிலையம்’ என்ற பெயரைப் பரவலாக்கியது அமெரிக்க உயிரியலாளர் ஃபிலிப் சீகவிட்ஸ் 1957இல் எழுதிய கட்டுரை. அது போருக்குப் பிந்தைய அமெரிக்கா. மின்நிலையங்களும் பெருந்தொழிற்சாலைகளுமே முன்னேற்றத்தின் முகமாக இருந்த காலம். நாம் அந்த உவமையை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டோம். அது எந்தக் காலத்தின் கண் என்று கேட்கவில்லை.

இன்று நமக்குச் சொந்தமாகவே தொழிற்சாலைகள் இருக்கின்றன. உவமையைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. 1996இல் அங்கே அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. அதைச் சுற்றியும், தெற்கே ஒரகடம் வரையிலும், உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. காரின் பெரும்பாலான பாகங்கள் கார் ஆலைக்குள் செய்யப்படுவதில்லை. இருக்கை ஓரிடத்தில், விளக்கு வேறிடத்தில், கம்பித்தொகுதி மற்றோரிடத்தில் தயாராகி, முகவரிச் சீட்டுடன் லாரியேறி, உரிய வேளையில் உரிய வாயிலில் வந்திறங்குகின்றன. உள்ளே நடப்பது பெரும்பாலும் கோத்து இணைக்கும் பணியே.

உவமைக்கு உரிய மரியாதையை முதலில் செலுத்திவிடவேண்டும். மைட்டோகாண்ட்ரியத்தை ஈழத்துப் பாடநூல்கள் ‘இழைமணி’ என்கின்றன. நூலிழை, சிறுமணி ஆகிய பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1898இல் கார்ல் பெண்டா வைத்த பெயரின் துல்லியமான தமிழாக்கம் அது. இனி அச்சொல்லையே ஆள்கிறேன். இழைமணி ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். அன்று ஏளனத்துக்கு ஆளான அந்தக் கருத்தே இன்று பாடம். தன் பழைய வாழ்வின் சான்றாக இழைமணி இன்றும் தனக்கென ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தை வைத்திருக்கிறது. மனிதரில் அதன் நீளம் 16,569 எழுத்திணைகள். அதில் உள்ள 37 மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்பவை வெறும் 13. ஆனால் இழைமணிக்குள் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். மிச்சம் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. அவற்றுக்கான மரபணுக்கள் காலப்போக்கில் உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

வெளியில் செய்யப்படும் அந்தப் புரதங்களின் முனையில் பெரும்பாலும் ஒரு முகவரித் துணுக்கு இருக்கும். புரதம் தன் முகவரியைத் தன்னிடத்திலேயே தாங்கிச் செல்கிறது என்ற கண்டுபிடிப்புக்காகவே குந்தர் புளோபெல் 1999இல் நோபெல் பரிசு பெற்றார். இழைமணியின் உறைகளில் வாயில்கள் உண்டு. அவை மிகக் குறுகலானவை. மடிந்து உருத்திரண்ட புரதம் அவற்றில் நுழையாது. எனவே புரதம் மடிப்பவிழ்ந்த நூலாக உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் முகவரித் துணுக்கு வெட்டி எறியப்படுகிறது. பிறகு அந்த நூல் மீண்டும் மடிந்து தன் உருவை அடைகிறது. பிரித்துக் கட்டிய பாகங்களாக வந்து ஆலைக்குள் இணைக்கப்படும் வண்டியை நினைக்காமல் இதை வாசிக்க முடியாது. இதுவரை உவமை செம்மையாகவே ஓடுகிறது.

அது எங்கே தடம்புரள்கிறது என்று காண, நாம் நன்கறிந்த ஒரு பூவின் வழியே வரவேண்டியிருக்கிறது. செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் நெடும்பட்டியல் தொடங்குவது அதில்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. உழவர்கள் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து வறண்ட நிலங்களிலும் வேதாரண்யத்து மணலிலும் அதைப் பயிரிடுவது விதைக்காக. அந்த விதையிலிருந்து கிடைப்பது கால்ச்சிசின் என்னும் நஞ்சு. ஐரோப்பாவில் இன்னொரு செடியிலிருந்து 1820லேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. அளவோடு கொடுத்தால் மூட்டுகளைத் தாக்கும் கவுட் நோய்க்கு மருந்து. அளவு மீறினால் உயிரைக் கொல்லும்.

இந்த நஞ்சு பிரியும் உயிரணுவைப் பாதிவழியில் நிறுத்திவிடுகிறது. குரோமோசோம்கள் இருபுறமும் பிரிந்து செல்லமுடியாமல் நடுவிலேயே சிதறிக் கிடக்கும். மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்று பல ஆண்டுகள் நம்பிவந்ததைத் திருத்தி, 46 என்று ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 1956இல் அறிவிக்க முடிந்ததற்குக் கால்ச்சிசினும் ஒரு காரணம். நின்றுபோன உயிரணுவில் அவற்றை எண்ணுவது எளிது. அந்த நஞ்சு உயிரணுவில் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதைக் கதிரியக்கக் குறியிட்ட கால்ச்சிசினைக்கொண்டு கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் 1967இல் கண்டனர். அடுத்த ஆண்டு அந்தப் புரதத்துக்கு டியூபுலின் என்று பெயர் வந்தது. டியூபுலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு 25 நானோமீட்டர் பருமனுள்ள நுண்குழல்களாகின்றன. உயிரணுவுக்கு உருவம் தருவதும், உள்ளே போக்குவரத்துக்குப் பாதையாவதும், பிரியும் வேளையில் குரோமோசோம்களை இழுத்துச் செல்வதும் இவையே. இவை உள்ளிட்ட இழைக்கூட்டமே உயிரணுச் சட்டகம்.

இங்கேதான் ராதே எஸ். குப்தா வருகிறார். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு வாழ்வைத் தொடங்கி, கனடாவுக்குச் சென்று, ஒன்டாரியோவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 1980களின் தொடக்கத்தில் அவர் எழுப்பிய வினா எளியது. நுண்குழலைத் தாக்கும் நஞ்சுக்குத் தப்பிப் பிழைக்கும் உயிரணுக்களில் என்ன மாறியிருக்கிறது? அவர் பயன்படுத்திய நஞ்சுகளில் ஒன்று போடோஃபிலோடாக்சின். இமயமலைச் சரிவுகளில் வளரும் ஒரு செடியிலிருந்து கிடைப்பது. டியூபுலினில் கால்ச்சிசின் அமரும் இடத்துக்கே போட்டியிடுவது. சீனவகை வெள்ளெலியின் சூலக உயிரணுக்களை இந்த நஞ்சில் வளர்த்து, சாகாமல் எஞ்சியவற்றைப் பொறுக்கியெடுத்தார். அவற்றில் சிலவற்றில் ஒரு புரதம் உருமாறியிருந்தது. அதற்குப் பி1 என்று பெயரிட்டார். நுண்குழல் நஞ்சை எதிர்க்கும் உயிரணுவில் மாறியிருக்கும் புரதம் நுண்குழல் தொடர்புடையதாகத்தானே இருக்கவேண்டும்? எவரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

பி1 புரதத்தை மட்டும் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, ஒளிரும் சாயமேற்றி, உயிரணுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒளிர்ந்தவை இழைமணிகள். இந்த முடிவு 1987இல் வெளியாயிற்று. 1989இல் அந்தப் புரதத்தின் முழு வரிசையும் குப்தாவின் குழுவால் படித்தறியப்பட்டது. அது பாக்டீரியாக்களில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த குரோ-ஈ-எல் என்ற புரதத்தின் நெருங்கிய உறவு. அதுமட்டுமன்று. காசநோய்க் கிருமியின் இனத்தில், நம் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருளாக மருத்துவர்கள் வெகுவாக ஆராய்ந்துவந்த 65 கிலோடால்டன் புரதமும் அதன் உறவே. நுண்குழலைத் தேடிப் புறப்பட்டவர் கையில் அகப்பட்டது, பழைய பாக்டீரிய மூதாதையின் குடும்பச் சொத்து.

அதன் வேலையும் அதே ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஆர்தர் ஹார்விச்சும் ஃபிரான்ஸ்-உல்ரிக் ஹார்ட்லும் ஈஸ்ட்டில் செய்த சோதனைகள், இழைமணிக்குள் நூலாக நுழையும் புரதங்கள் தாமாக மடிவதில்லை, இந்தப் புரதத்தின் உதவியோடே மடிகின்றன என்று 1989இல் காட்டின. இருவருக்கும் 2011இல் லாஸ்கர் விருது கிடைத்தது. எச்எஸ்பி60 என்று இன்று அழைக்கப்படும் அப்புரதத்தின் பாக்டீரிய உறவான குரோ-ஈ-எல், ஏழேழு அலகுகள் கொண்ட இரு வளையங்களாக அமைந்த ஒரு குடுவை. உருத்திரளாத புரதம் அதற்குள் சற்றுநேரம் தனித்திருக்கிறது. பிற புரதங்களோடு சிக்கிக் கட்டியாகிவிடாமல் தன் வடிவை அடைந்து வெளியேறுகிறது. இத்தகைய புரதங்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், மணமாகாத இளம்பெண்ணோடு காவலுக்குச் செல்லும் முதுபெண்டிரைக் குறிக்கும் பழஞ்சொல். தகாத சேர்க்கை நிகழாமல் தடுப்பதே அவர்கள் பணி. தமிழில் சிலருக்குத் தோழி என்ற சொல் தோன்றக்கூடும். ஆனால் அகப்பாடல்களின் தோழி சந்திப்புக்கு வழிசெய்பவள். காவல் செவிலியுடையது. செவிலிப் புரதம் என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் முதற்கேள்வி அப்படியே நிற்கிறது. இழைமணிக்குள் இருக்கும் ஒரு செவிலி, வெளியில் இருக்கும் நுண்குழலைத் தாக்கும் நஞ்சோடு ஏன் தொடர்புகொள்ளவேண்டும்? நுண்குழல்கள் உருவாவதில் இழைமணிகளுக்கும் செவிலிப் புரதங்களுக்கும் பங்கிருக்கலாம் என்ற கருதுகோளை 1990இல் குப்தா முன்வைத்தார். அது பாடநூல் உண்மையாக நிலைபெறவில்லை. எனினும் அதே ஆண்டில் வேறொரு புரதத்துக்கும் எச்எஸ்பி60க்கும் உள்ள குடும்ப உறவைச் சுட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த உறவுப் புரதம் இழைமணிக்கு வெளியே, உயிரணுவின் பொதுவெளியில் வாழ்வது. ஆக்டினும் டியூபுலினும், அதாவது உயிரணுச் சட்டகத்தின் இரு பெரும் புரதங்களும், தம் உருவை அடைவது அதன் குடுவைக்குள்தான் என்று 1992இல் தெரியவந்தது. நுண்குழலுக்குச் செவிலி தேவை என்பது உண்மையாயிற்று. செவிலி வேறொரு வீட்டுக்காரியாக இருந்தாள், அவ்வளவே.

இழைமணியும் சட்டகமும் வேறொரு வகையிலும் பிரிக்கமுடியாதவை. இழைமணிகள் ஓரிடத்தில் நிலைகொண்ட மின்நிலையங்கள் அல்ல. அவை பிளக்கின்றன, ஒன்றோடொன்று இணைகின்றன, நுண்குழல்களின் மேல் ஊர்ந்து செல்கின்றன. ஊர்த்திச் செல்லும் இயக்கிப் புரதங்களுள் ஒன்றான கைனசின் 1985இல் கண்டறியப்பட்டது. எட்டு நானோமீட்டர் நீள அடிகளாக அது நடக்கிறது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் கோடி வரைக்கும் இழைமணிகள் நுண்குழல்வழியே போய்ச் சேரவேண்டும். எச்எஸ்பி60இன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஒரு குடும்பத்தில் தலைமுறையாகக் கால்கள் விறைத்து நடை தளரும் நோய் வருவது 2002இல் கண்டறியப்பட்டது. உடல் முழுவதும் உள்ள ஒரு செவிலியின் சிறு பிழை, உடலின் மிக நீண்ட நரம்புகளில் வெளிப்படுகிறது. ஆற்றல் நிலையம் பழுதானால் ஊர் முழுவதும் இருளவேண்டும். இங்கே பாதிப்பு கால்களில் தெரிகிறது. இதற்கு உவமையிடம் விடையில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். இழைமணிக்குள் மட்டுமே இருக்கவேண்டிய புரதங்கள் வேறிடங்களிலும் தென்படுவதாகக் குப்தாவும் அவர் குழுவினரும் 1990களில் எழுதினார்கள். எச்எஸ்பி60 உயிரணுவின் மேற்பரப்பில் இருந்தது, கணையத்தின் சுரப்புக் குமிழிகளிலும் இருந்தது. எதிர்ப்பொருள் வேறெதையோ பற்றியிருக்கலாம் என்ற ஐயம் இத்தகைய சோதனைகளில் எப்போதும் எழும், எழவும் வேண்டும். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் எடுத்துக்காட்டும் அதே காலத்தில் கிடைத்தது. சைட்டோகுரோம் சி என்பது இழைமணியின் உறைகளுக்கிடையே எலக்ட்ரான்களைக் கைமாற்றும் சிறு புரதம். மூச்சின் பயன் ஆற்றலாக மாறுவது இதன் வழியாக. இதே புரதம் இழைமணியை விட்டு வெளியே வந்தால் உயிரணுவுக்குச் சாவோலையாகிறது என்று 1996இல் சியாவோடாங் வாங்கின் ஆய்வகம் காட்டியது. புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது இடமும் துணையும். உள்ளே உயிர்ப்பு, வெளியே இறப்பு.

தொழிற்சாலை உவமை முறிவது இங்கேதான். இருங்காட்டுக்கோட்டையில் ஓர் இருக்கை லாரியிலிருந்து தவறி நெடுஞ்சாலையில் விழுந்தாலும் அது இருக்கைதான். பொருத்தப்படாத இருக்கை, அவ்வளவே. பாகத்தின் பொருள் பாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வரைபடம் தீட்டியவர் அதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். புரதத்துக்கு அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. அது எந்த நிலத்தில், எவற்றோடு, எந்த வேளையில் இருக்கிறது என்பதிலிருந்து அதன் பொருள் எழுகிறது.

இப்படிச் சொல்லும்போது தமிழ் இலக்கியம் படித்த வாசகருக்கு ஒரு மணி அடித்திருக்கும். நிலம், பொழுது, அவற்றுக்குரிய பூவும் புள்ளும். தொல்காப்பியரின் அகத்திணையியல் ஒவ்வொரு திணைக்கும் உரியவற்றை வகுத்துவிட்டு, அவை கலந்து மயங்குவதற்கும் இடம் தருகிறது. ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ தன் நிலத்தோடும் பொழுதோடும் வராமல் வேறொரு நிலத்தில் வந்து நின்றால், அது வந்து நின்ற நிலத்தின் பயனையே தரும் என்று ஒரு நூற்பா வைத்திருக்கிறார். அயலிடத்தில் தோன்றிய பூவைப் பிழை என்று அவர் தள்ளவில்லை. பழைய முகவரியைக் காட்டித் திருப்பி அனுப்பவும் இல்லை. அங்கே அது என்ன பொருள் தருகிறது என்று பார்க்கச் சொல்கிறார். சைட்டோகுரோம் சியின் கதையை விளக்க, ‘ஆற்றல் நிலையத்தின் உதிரிபாகம்’ என்பதைவிட இந்த நோக்கு எவ்வளவோ மேலானது.

உடனே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். தொல்காப்பியருக்கு இழைமணி தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுவிட்டார்கள் என்ற கூச்சலைப் போல அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் ஒருசேரத் தீங்கு செய்வது வேறில்லை. தொல்காப்பியர் பேசியது கவிதையைப் பற்றி. ஒரு பண்பாடு தன் மொழிக்குள் சேர்த்துவைத்திருக்கும் நோக்குகளுள் சில, வேறொரு துறையின் சிக்கலைத் தெளிவாகச் சொல்லக் கைகொடுக்கும் என்பது மட்டுமே என் வாதம். மில்ன்-எட்வர்ட்ஸ் அரசியல் பொருளாதாரத்திடம் கடன்பெற்றார். நாம் அகத்திணையியலிடம் பெறுவதில் குற்றமில்லை. கடன் என்று தெரிந்து பெறவேண்டும்.

உவமைதானே, மாணவருக்குப் புரியவைக்க ஒரு படி, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று நண்பர்கள் கேட்கலாம். பெ.நா. அப்புசாமி முதல் சுஜாதா வரை தமிழில் அறிவியலைக் கொண்டுசேர்த்தவர்கள் உவமைகளின் தோளில்தானே வந்தார்கள்? உண்மை. உவமை இல்லாமல் அறிவியலைச் சொல்லமுடியாது. ஆனால் ஏறியபின் இறங்க மறந்தால், படியே வீடாகிவிடும். தொழிற்சாலை உவமை அப்படிப் பாடநூலிலிருந்து எழுந்து வேறிடங்களில் குடியேறிவிட்டது.

முதலில், ஆய்வை மதிப்பிடும் இடத்தில். இன்று ஓர் இளம் ஆய்வாளர் நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது, எந்த ஆண்டில் எந்தப் பயன் கைக்கு வரும் என்று கட்டம்கட்டி எழுதவேண்டியிருக்கிறது. ஆய்வகமும் ஓர் ஆலை, வரைபடத்தில் இருப்பதே வெளிவரவேண்டும் என்பது இதன் உட்பொருள். குப்தாவின் திட்டத்தை இந்தக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். நுண்குழல் புரதம் கண்டறியப்படும் என்பது இலக்கு. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது இழைமணிப் புரதம். கட்டத்தில் போடவேண்டிய சொல் தோல்வி. எதிர்பாராத இடத்தில் ஒளிர்ந்த சாயத்தைச் சோதனைப் பிழை என்று ஒதுக்காமல், அது வந்து நின்ற நிலம் எது என்று கேட்கும் பொறுமையும், அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமும் இருந்ததால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக ஆய்வுக்குச் செலவிடும் நம் நாட்டில், அந்தச் சிறுதொகையும் ஆலைக் கணக்கில் அளக்கப்படுமானால், பக்கத்து நிலத்தில் பூப்பது எதுவும் நம் கண்ணில் படாது.

அடுத்து, மனிதரைப் பார்க்கும் இடத்தில். உயிரணுவைத் தொழிற்சாலையாகக் கண்ட கண், திரும்பி மனிதரைப் பாகங்களாகக் காண்கிறது. ‘மனிதவளம்’ என்ற சொல்லை நாம் கூசாமல் புழங்குகிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். கைப்பேசியின் நுண்பாகத்தைப் பொருத்துவது என்ற ஒரே வேலையின் பெயரால் அறியப்பட்டவர்கள். ஆலை நின்றதும் அந்தப் பெயரும் போய்விட்டது. பாகத்தின் பொருள் பாகத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பும் கண்ணுக்கு, அவர்கள் வண்டி இல்லாத இருக்கைகள். வேறொரு நிலத்தில் வேறொரு துணையோடு அவர்கள் என்னவாகக்கூடும் என்ற கேள்வியை அந்த உவமையால் எழுப்பவே முடியாது. அந்த ஆலைக் கட்டடங்களுக்குக்கூடப் பின்னர் வேறொரு நிறுவனம் வந்து புதுப் பயன் கிடைத்தது. மனிதருக்கு அந்த அளவு கற்பனையையாவது நாம் செலவிட்டிருக்கலாம்.

உடலுக்குள் எந்தப் புரதமும் ஒரு வேலைக்காக மட்டும் படைக்கப்பட்டதில்லை. பாக்டீரியாவாக இருந்தது இழைமணியாயிற்று. நஞ்சாக அஞ்சப்பட்டது மருந்தாயிற்று, பிறகு நுண்குழலைக் கண்டறியும் கருவியாயிற்று. நுண்குழலுக்கென்று தேடப்பட்டது செவிலியாயிற்று. இயற்கையின் வழி இதுவாக இருக்கையில், அதை வரைபடம் மாறாத ஆலையாகப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அறிவியலைக் குறைத்துச் சொல்வதாகும்.

பாடநூலை மாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தால் அந்த ஒரு மதிப்பெண் வாக்கியத்தை நான் நீக்கமாட்டேன். அதன் கீழே மூன்று வாக்கியங்களைச் சேர்ப்பேன். இழைமணி ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த உயிர். தனக்கு வேண்டிய புரதங்களில் 13ஐ மட்டுமே அது தானே செய்கிறது, மற்றவற்றை வெளியிலிருந்து நூலாகப் பெற்று உள்ளே உருவாக்குகிறது. அதனுள் உயிர் காக்கும் அதே புரதம், வெளியே வந்தால் உயிரணுவின் சாவுக்குக் காரணமாகிறது. இதற்கு எத்தனை மதிப்பெண் தருவது என்பதை ஆசிரியர்கள் முடிவுசெய்துகொள்ளட்டும். வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பெண், ‘ஏன்?’ என்று கேட்பதற்கு அது போதும்.